இறைச்சி உண்ணும் வீட்டில் உயிர்களின் துன்பத்தைக் குறைப்பது எப்படி?

இறைச்சியை முற்றிலும் விட்டுவிடும் எண்ணம் இன்னும் வராவிட்டாலும், தட்டில் இருப்பது நேற்று வரை உயிரோடு இருந்தது என்று நினைத்து ஒரு கணமேனும் கை தயங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் புலால் மறுப்பு நெடுங்காலமாகத் தூய்மை, தீட்டு என்னும் கருத்துகளோடும், அவற்றின் வழியே சாதியோடும் பின்னிக் கிடக்கிறது. மாட்டிறைச்சி உண்பவரை இழிவாகப் பார்ப்பதற்கும் மாட்டின் மீது கொள்ளும் இரக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த உயிர் எப்படி வாழ்ந்தது, எப்படி இறந்தது, அதில் நாம் கொடுத்த பணத்துக்கு என்ன பங்கு என்பவை மட்டுமே இங்கே நம் கேள்விகள்.

முதலில் ஒரு மாதத்துக்கு, வாங்கும் கறியைக் கிலோவில் குறிக்காமல் உயிர்களின் எண்ணிக்கையில் குறித்து வையுங்கள். ஒரு வெள்ளாட்டில் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோ கறி கிடைக்கும். 2 கிலோ எடையுள்ள பிராய்லர் கோழியில் தோல் நீக்கினால் 1.3 கிலோ அளவில்தான் கிடைக்கும். வாரம் ஒரு கிலோ கறி சமைக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 4 அல்லது 5 ஆடுகள் போதும். அதே அளவைக் கோழியாக வாங்கினால் ஏறத்தாழ 40 உயிர்கள் தேவைப்படும். உடல்நலம் கருதி ஆட்டுக்கறியை விட்டுக் கோழிக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

எண்ணிக்கையைவிட வாழ்க்கையில் உள்ள வேறுபாடு பெரியது. மேய்ச்சல் ஆடு வெயிலையும் மழையையும் புல்லையும் பார்த்து, அறுவடை முடிந்த வயலில் கிடை கிடந்து வளர்கிறது. பிராய்லர் கோழியோ கொட்டகைக்குள்ளேயே வளர்ந்து ஏறத்தாழ 6 வாரங்களில் கடைக்கு வந்துவிடுகிறது. விரைவாக எடை கூடும்படி உருவாக்கப்பட்ட இனம் என்பதால், தன் உடலின் பாரத்தைத் தாங்க முடியாமல் அதன் கால்கள் தளர்வதும் உண்டு. ஆகவே குறைப்பதென்று முடிவு செய்தால் பிராய்லரிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் கருத்து. அதற்கு ஈடாக ஆட்டுக்கறியைக் கூட்டிவிடவும் கூடாது, ஏனெனில் அசைபோடும் விலங்குகள் வெளிவிடும் மீத்தேன் புவியைச் சூடாக்குகிறது. வாரம் இருமுறை என்பதை ஒருமுறையாக்கி, அந்த ஒருமுறையை நன்றாகச் சமைப்பதே நடைமுறைக்கு உகந்தது.

முட்டை குற்றமற்றது என்று நம்புவோரும் சற்று யோசிக்க வேண்டும். நாமக்கல்லிலிருந்து வரும் முட்டைகளில் பெரும்பாலானவை கூண்டுக் கோழிகள் இட்டவை. அவற்றில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் பொதுவாக ஓர் ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவு. முட்டையிடும் இனத்துச் சேவற்குஞ்சுகள் முட்டையும் இடாது, கறிக்கும் விரைவில் வளராது என்பதால் பொரித்தவுடனே கொல்லப்படுகின்றன. கொல்லையில் கோழி வளர்ப்பவரைத் தெரிந்திருந்தால் அவரிடமே வாங்குங்கள். ‘நாட்டுக்கோழி’ என்ற பலகையை மட்டும் நம்ப வேண்டாம், பண்ணையில் அடைத்து வளர்த்த கலப்பினமும் அந்தப் பெயரில் விற்கிறது.

கறிக்கடையில் கேட்க வேண்டியவையும் உண்டு. நகரப் பகுதிகளில் உரிமம் பெற்ற ஆட்டுத்தொட்டியில், அதாவது இறைச்சிக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும் என்றும், சினையாக உள்ளதையும் 3 மாதத்துக்கு உட்பட்ட குட்டியையும் அறுக்கக் கூடாது என்றும், ஒரு விலங்கின் கண்முன் மற்றொன்றை அறுக்கக் கூடாது என்றும் 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் கூறுகின்றன. தொட்டியின் முத்திரை பதிந்த கறியா என்று கடைக்காரரிடம் மரியாதையோடு கேளுங்கள். அவர் முகம் சுளிக்கலாம். தொடர்ந்து வாங்கும் நான்கு பேர் கேட்டால் பதில் சொல்லத் தொடங்குவார். கோழிகளைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவரும் கடையில் வாங்காதீர்கள், காரணத்தையும் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். தேவையற்ற வலி உண்டாகும்படி விலங்குகளைக் கொண்டுசெல்வது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கடைசியாக, அறுத்த உயிரில் எதையும் வீணாக்காதீர்கள். ஈரல், குடல், தலைக்கறி, கால், ரத்தம் ஆகிய அனைத்தையும் சமைக்கத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். கிடாவிருந்து வைப்பவர்கள், வருவோரின் எண்ணிக்கையை முன்கூட்டியே விசாரித்த பிறகே எத்தனை கிடா என்று முடிவு செய்யுங்கள்.