ஜிஜிப் சுருக்கமும் சென்ட்ஃபைலும்: பெரிய ஜேசன் கோப்புகள் திணறியதற்கான தீர்வு

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளில் படங்கள் வேகமாக இறங்கின. பெரிய ஜேசன் (உரை வடிவத் தரவு) கோப்புகளுக்கு மட்டும் சிபியு உச்சத்துக்குப் போனது. பிரவுசரில் மொத்த அளவும் தெரியவில்லை.

கோரிக்கைகளைக் கவனிக்கும் வொர்க்கர் புராசஸ்களின் எண்ணிக்கையைக் கூட்டினேன், பயனில்லை. கோப்பை அனுப்பும்போதே சுருக்கும் ஜிஜிப்பின் சுருக்க நிலையை 9-இலிருந்து 1-க்குக் குறைத்ததும் சிபியு சற்று இறங்கியது, அளவு அப்போதும் வரவில்லை.

நாட்களை விழுங்கியது கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியில் செய்த சோதனைதான். அதில் எல்லாம் சரியாகவே வந்தது. சுருக்கிய வடிவத்தை ஏற்பேன் என்று கர்ல் தானாகச் சொல்வதில்லை, பிரவுசர் சொல்லும். 'கம்ப்ரெஸ்டு' விருப்பத்தைச் சேர்த்ததுமே மொத்த அளவைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் தலைப்பு மறைந்து, பதில் துண்டு துண்டாக வந்தது.

காரணம் இதுதான். சென்ட்ஃபைல் என்ற சிஸ்டம் அழைப்பு, கோப்பை இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே சாக்கெட்டுக்கு (நெட்வொர்க் இணைப்பின் முனை) அனுப்பிவிடும். ஜிஜிப் இயங்கினால் ஒவ்வொரு பைட்டும் என்ஜின்எக்ஸின் நினைவகத்துக்கு வந்து சுருங்க வேண்டும். சென்ட்ஃபைல் இயக்கத்தில் இருந்தும் அந்தப் பதிலுக்குப் பயன்படாது. இறுதி அளவும் முன்கூட்டித் தெரியாது. ஜேபெக் படங்கள் சுருக்கப் பட்டியலில் இல்லாததால் தப்பின.

கோப்புகளை முன்பே நிலை 9-இல் சுருக்கி, மூலத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, தயாராக உள்ள சுருக்கிய கோப்பை அப்படியே அனுப்பும் 'ஜிஜிப்_ஸ்டேட்டிக்' வசதியை இயக்கினேன். சிஸ்டம் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியில் சென்ட்ஃபைல் அழைப்புகள் மீண்டும் தெரிந்தன, கன்டென்ட்-லெங்த் திரும்பியது, சிபியு அடங்கியது. பெரும் நிம்மதி.

மூலக்கோப்பு மாறினாலும் என்ஜின்எக்ஸ் தேதியை ஒப்பிடாது, பழைய சுருக்கத்தையே கொடுக்கும். அதனால் பதிவேற்றும் ஸ்கிரிப்டிலேயே சுருக்கும் கட்டளையையும் சேர்த்துவிட்டேன்.