ரெண்டர் செய்த பெரிய வீடியோ திக்கித் திக்கி ஓடினால்

எடிட்டோ அனிமேஷனோ முடிந்ததும் கணினி அதை வீடியோ ஃபைலாக உருவாக்குவதே ரெண்டர். பல மணி நேரம் எடுத்து முடிந்த ரெண்டரைத் திறந்தால் படம் திக்குகிறது, ஒலி முன்னே ஓடுகிறது, அல்லது பிளேயரே உறைந்து நிற்கிறது. உடனே மறுபடி ரெண்டர் போட்டுவிடாதீர்கள். ஃபைல் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதை எடுத்துத் தரும் டிஸ்க்கோ, விரித்துக் காட்டும் டிகோடரோதான் ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. இரண்டில் எது என்று தெரியாமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே போனால் நாள் முழுக்க வீணாகும்.

முதலில் கணக்குப் போடுங்கள். ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் அதைத் திறந்து கோடெக் (சுருக்கும் முறை), மொத்த பிட்ரேட் (நொடிக்கான தரவு), பிட் டெப்த் (நிற நுணுக்கம்), குரோமா சப்சாம்பிளிங் (நிறத் தகவல் குறைக்கப்பட்ட அளவு; 4:2:0, 4:2:2 என்று காட்டும்) ஆகியவற்றையும், பிரேம் ரேட் நிலையானதா மாறுவதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிட்ரேட் மெகாபிட்டில் இருக்கும். அதை 8-ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை மெகாபைட் டிஸ்க்கிலிருந்து வரவேண்டும் என்பது கிடைக்கும். 3840×2160 அளவில் நொடிக்கு 30 பிரேம் ஓடும் ப்ரோரெஸ் 422 எச்.க்யூ. (எடிட்டுக்கான ஆப்பிளின் உயர்தர கோடெக்) ஃபைல் ஏறக்குறைய 880 மெகாபிட், அதாவது நொடிக்கு 110 மெகாபைட் கேட்கும். சுருக்கவே சுருக்காத 1920×1080, 8 பிட் ஆர்.ஜி.பி. வீடியோவில் ஒரு பிரேமே 6.2 மெகாபைட், 30 பிரேமுக்கு 187 மெகாபைட். யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டோ ஏட்டளவில் 480 மெகாபிட் என்றாலும், நடைமுறையில் 30 முதல் 40 மெகாபைட்தான் தரும். யூ.எஸ்.பி. 3 டிஸ்க்கையே பழைய போர்ட்டில் அல்லது பழைய கேபிளில் செருகினாலும் இதே வேகம்தான். நல்ல டிஸ்க்கின் மேல் வீண்பழி விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

கணக்கை உறுதிசெய்ய ஃபைலைக் கணினிக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். சீராக ஓடினால் குற்றவாளி டிஸ்க் அல்லது கேபிள். வைஃபை வழியாக வேறொரு கணினியிலிருந்து ஓட்டுவதும் இதே கணக்கில் அடங்கும்.

எஸ்.எஸ்.டி.யிலும் திக்கினால் டிகோடரைப் பாருங்கள். வீடியோ ஓடும்போது விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், ஜி.பி.யு. (கிராபிக்ஸ் கார்டு) என்பதன் கீழே வீடியோ டிகோட் வரைபடத்தைக் கவனியுங்கள். அது பூஜ்யத்திலேயே கிடந்து சி.பி.யு. மட்டும் 100 சதவீதத்தைத் தொட்டால், கிராபிக்ஸ் கார்டு வேலையில் இறங்கவே இல்லை. பெரும்பாலான கார்டுகளின் எச்.264 டிகோடர் 8 பிட், 4:2:0 ஃபைலைத்தான் ஏற்கும். 10 பிட் 4:2:2 என்று ரெண்டர் செய்திருந்தால் சுமை முழுவதும் சி.பி.யு. தலையில் விழும். ப்ரோரெஸ் ஃபைலுக்கும் சாதாரண பி.சி. கார்டுகளில் தனி டிகோடர் கிடையாது. ஆப்பிளின் எம்1 ப்ரோ, எம்1 மேக்ஸ், எம்2 சிப்களில் உண்டு.

வி.எல்.சி. பிளேயரில் ஓட்டுகிறீர்கள் என்றால் ப்ரிஃபரன்ஸில் இன்புட்/கோடெக்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் டிகோடிங் (கிராபிக்ஸ் கார்டு வழியாக விரிப்பது) இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கும்போது பச்சைத் திட்டுகளோ உடைந்த கட்டங்களோ தெரிந்தால் அதை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். படம் சரியாகிவிட்டால் கோளாறு டிரைவரில், அதைப் புதுப்பியுங்கள். கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வரும் சாளரத்தின் புள்ளிவிவரப் பக்கத்தில் இழந்த பிரேம்களின் எண்ணிக்கை தெரியும். கண்ணுக்குத் தோன்றுவதை நம்புவதைவிட அந்த எண்ணை நம்புவது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு மாஸ்டர் ஃபைல் (ரெண்டரில் வந்த மூல ஃபைல்) கனமானது என்பதுதான் முடிவென்றால், அதை அப்படியே பத்திரப்படுத்திவிட்டுப் பார்ப்பதற்கென்று தனி நகல் எடுங்கள். மாஸ்டர் என்பது எடிட்டுக்கும் சேமிப்புக்கும். எல்லாக் கணினியிலும் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு. வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 8 பிட் எச்.264 தேர்ந்தெடுத்து, ஆர்.எஃப். மதிப்பு (தர அளவு; எண் குறைந்தால் தரம் கூடும்) 18 முதல் 20 வரை வைத்து, மூல பிரேம் ரேட்டையே நிலையான ரேட்டாக அமையுங்கள். 4கே, 30 பிரேமுக்கு லெவல் (டிகோடருக்கான திறன் வரம்பு) 5.1, 60 பிரேமுக்கு 5.2. இழுத்து இழுத்துப் பார்க்கும்போது மட்டும் பிளேயர் தாமதித்தால் கீபிரேம் (முழுப் படமாகப் பதிவாகும் பிரேம்) இடைவெளியே காரணம். எச்.264 ஃபைலை உருவாக்கும் எக்ஸ்264 என்கோடரில் அதன் இயல்பான உச்சம் 250 பிரேம். 25 பிரேம் ஓட்டத்தில் அது 10 நொடி. அதை 30-க்குக் குறைத்தால் சட்டென்று தாவும், ஃபைல் சற்றே பெரிதாகும்.

ஒலி பொருந்தவில்லை என்றால், வித்தியாசம் தொடக்கம் முதல் ஒரே அளவா, போகப் போக வளர்கிறதா என்று பாருங்கள். ஒரே அளவு என்றால் வி.எல்.சி.யில் ஜே, கே விசைகள் 50 மில்லிநொடி வீதம் நகர்த்தும். அந்த அளவை எடிட்டில் திருத்தினால் போதும். வளர்ந்துகொண்டே போனால் பிரேம் ரேட் குழப்பம். 29.97-ஐ 30 என்று எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகும். ஃபோனிலும் ஸ்கிரீன் ரெக்கார்டரிலும் பதிவானவை பெரும்பாலும் மாறும் பிரேம் ரேட்டில் இருக்கும். எடிட்டில் சேர்க்கும் முன்பே அவற்றை நிலையான ரேட்டுக்கு மாற்றுங்கள். ரெண்டருக்குப் பின் மாற்றிப் பயனில்லை.

ஃபைல் திறக்கவே மறுத்தால் கதை வேறு. அளவு சரியாக 4 ஜிகாபைட்டில் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் 4,294,967,295 பைட்டுக்கு மேல் ஒரே ஃபைலாக ஏற்காது. உள்ளிருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள்.

அளவு நியாயமாக இருந்தும் திறக்கவில்லை என்றால், ரெண்டர் பாதியில் நின்றிருக்கலாம். எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று சொல்லும் எம்.பி.4 ஃபைலின் அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். மின்சாரம் போனாலோ மென்பொருள் முடங்கினாலோ படத்தரவு இருக்கும், அட்டவணை இருக்காது. அன்ட்ரங்க் என்ற கருவி, அதே அமைப்பில் உருவான நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாக வைத்துச் சில சமயம் மீட்டுத் தரும். நீண்ட அனிமேஷன் ரெண்டர்களை வீடியோவாக எடுக்காமல் பி.என்.ஜி. அல்லது இ.எக்ஸ்.ஆர். பட வரிசையாக எடுங்கள். 4,000-ஆவது பிரேமில் நின்றாலும் அங்கிருந்தே தொடரலாம். திரையைப் பதிவுசெய்யும் ஓ.பி.எஸ். மென்பொருளின் பதிவுகளை எம்.கே.வி. ஃபைலாக எடுத்து, முடிந்தபின் ஓ.பி.எஸ்.ஸிலேயே உள்ள ரீமக்ஸ் (ஃபைலின் உறையை மட்டும் மாற்றும்) வசதியால் எம்.பி.4 ஆக்குங்கள். மறு என்கோடிங் இல்லாததால் தரம் குறையாது.