கயிலாயம் போகிறவர்கள் செய்யும் தவறுகள் (நான் செய்தவையும் சேர்த்து)

சமீபத்தில் யாத்திரைக்குக் கிளம்பும் ஒரு குழுவைப் பார்க்கப் போயிருந்தேன். முப்பது பேர் இருப்பார்கள். மருந்து, உடுப்பு, நடைப்பயிற்சி பற்றிப் பேசலாம் என்று குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டு போனேன். முதல் கேள்வியே இதுதான்: "சார், அங்கே போனால் ஒரே நாளில் ரெண்டு வாரத்து நகம் வளருமாமே, நிஜமா?"

கேட்டவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. முதல்முறை போனபோது காத்மாண்டு ஹோட்டலில் உட்கார்ந்து பத்து விரலையும் ஒட்ட வெட்டிக்கொண்டு கிளம்பியவன் நான். ஒன்பதாம் நாள் கயிலை அடிவாரத்து ஊரான டார்ச்சனில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்பது நாள் நகம் இருந்தது.

புது ஷூவை அங்கே போய்ப் பிரிக்காதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"யாராலும் ஏற முடியாத மலை" என்று அடித்துச் சொல்வது

கயிலாயம் 6,638 மீட்டர். எவரெஸ்ட் 8,849. ஏறப் போனவர்களை ஏதோ ஒரு சக்தி பிடித்துத் தள்ளியது என்று பஸ்ஸில் கதை ஓடும். உண்மையில், ஏறக் கூடாது என்று மனிதர்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடுதான் அந்த மலையைக் காப்பாற்றுகிறது. 1980களில் மலையேற்ற வீரர் ரெய்னால்டு மெஸ்னருக்குச் சீன அரசு வாய்ப்புக் கொடுத்தது; அவரே வேண்டாம் என்றார். 2001-இல் ஒரு ஸ்பானியக் குழு ஏறப்போவதாகச் செய்தி வந்தபோது பல நாடுகளிலிருந்தும் எதிர்ப்புக் கிளம்பியது.

திபெத்தியர் கதையில் ஒருவர் ஏறியே இருக்கிறார். திபெத்தின் பழைய மதமான 'பொன்' மதத்து மந்திரவாதி மேளத்தின் மேல் உட்கார்ந்து பறந்து போக, பௌத்தத் துறவி மிலரேபா விடியும்வரை சும்மா இருந்துவிட்டு, முதல் சூரியக் கதிரைப் பிடித்து உச்சியில் போய் நின்றாராம். நம் காரைக்கால் அம்மையார் கதையும் அப்படித்தான். காலால் மிதிக்க மனம் வராமல்தான் தலையால் நடந்தார். அவரால் ஏற முடியாது என்று யார் சொன்னது?

எதிரே வருபவர்களை முறைப்பது

நாம் மலையை வலமாகச் சுற்றுகிறோம்; இடமாகச் சுற்றி வருபவர்கள் பொன் மதத்தினர். அவர்கள் வழியே அது. ஒதுங்கி வழிவிடுங்கள்.

மயக்கத்தை அருள் என்று நினைப்பது

மற்றதெல்லாம் போகட்டும். இதைப் பற்றிப் பேசினால் மட்டும் இன்றைக்கும் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

முதல் பயணத்தில், மலையைச் சுற்றி நடக்கும் பரிக்கிரமாவின் முதல் நாள் மாலை, இரவு தங்கும் டேராபுக்கில் இருந்தோம். கிட்டத்தட்ட 5,000 மீட்டர். கயிலையின் வடக்கு முகம் பொன்னாகிக் கறுத்துக்கொண்டிருந்தது. எங்களோடு வந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர், அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர், மலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர். சூப் கொடுத்தால் வாங்கவில்லை. "ஐயன் பேசுறார்" என்றார். அவ்வளவுதான், இரண்டு பேர் அவர் காலில் விழுந்தார்கள். ஒரு அம்மா தேவாரம் பாட ஆரம்பித்தார். இடது கை உறையை வலது கையில் மாட்டத் தடுமாறிக்கொண்டிருந்தவருக்கு நானே பவ்யமாக மாட்டிவிட்டேன். ஜெர்கின் ஜிப்பையும் இழுத்துவிட்டேன். அவருக்கு ஏன் அதைச் செய்யத் தெரியவில்லை என்று எனக்கு உறைக்கவே இல்லை.

உறைத்தது, தேநீர் கொண்டுவந்த நேபாளிப் பையனுக்கு. எட்டிப் பார்த்தான். தரையில் குச்சியால் ஒரு கோடு கிழித்தான். குதிகாலும் நுனிக்காலும் ஒட்டுகிற மாதிரி அதன்மேல் நடக்கச் சொன்னான். அவர் மூன்றாவது அடியில் சாய்ந்தார். சாராயம் குடித்தவர் சாய்வாரே, அப்படி.

உயரத்தில் ஆக்சிஜன் குறைந்து மூளை வீங்கும்போது இப்படித்தான் ஆகும். முதலில் தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை. அப்புறம் குழப்பம், தள்ளாட்டம், காரணமில்லாத சிரிப்பு அல்லது அழுகை, இல்லாத குரல் கேட்பது. அடுத்து நினைவு தப்பும். அன்றிரவே ஜீப் வரவழைத்து, ஆக்சிஜன் வைத்து, டார்ச்சனில்கூட நிறுத்தாமல் இன்னும் தாழ்வான புராங் ஊர் வரை இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டார். விடியட்டும் பார்க்கலாம் என்று நாங்கள் பஜனை பாடிக்கொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கக்கூட எனக்கு விருப்பமில்லை.

அவருக்கு இன்னும் என்மேல் கோபம் உண்டு. "பாதியில இறக்கிட்டீங்களே" என்பார்.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? கயிலாயத்துக்குப் போகிறவன் ஏதாவது ஒரு அனுபவத்துக்குக் காத்திருந்தே போகிறான். காதில் ரத்தம் ஓடும் சத்தம் ஓங்காரமாகக் கேட்கிறது. தலை கிறுகிறுத்தால் சக்தி இறங்குகிறது. இதில் ஹெலிகாப்டர் பாதை வேறு. சமவெளியில் இருக்கும் நேபாள்கஞ்சில் விமானம் ஏறி, சிமிகோட், ஹில்சா, புராங் என்று தாண்டி, சில நாளில் 4,590 மீட்டரில் மானசரோவர் ஏரிக் கரையில் தூங்குகிறோம். 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் இடத்தை நாளுக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் கணக்கு. அடுத்து பரிக்கிரமா வழியில் மிக உயரமான இடம், டோல்மா கணவாய், 5,630 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது சென்னையில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதி.

"திபெத்தியப் பாட்டி ஒரே நாளில் 52 கிலோமீட்டரையும் சுற்றி முடிக்கிறாரே" என்பார்கள். அந்தப் பாட்டி பிறந்ததே அந்த உயரத்தில். அவர் முன்னோரும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தவர்கள். குறைந்த ஆக்சிஜனைச் சமாளிக்கும் மரபணுவே அவர்களுக்கு உண்டு. நமக்கு இருப்பது மூன்று மாத மெரினா நடை.

அடுத்தது அப்பர். "கயிலை நாதனைக் காணாமல் இந்த உடம்போடு திரும்ப மாட்டேன்" என்று அவர் சொன்னதைக் காட்டி, தலைவலியை மறைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கதையின் மீதியை யாரும் சொல்வதில்லை. கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடம்பு உருண்டு போனவரை, ஒரு முனிவராக வந்து தடுத்துத் திருப்பி அனுப்பியது சிவனேதான். குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார், அங்கே கயிலைக் காட்சி கண்டார். அப்பரே கயிலைக்குப் போய்ச் சேரவில்லை, ஐயா. காவிரிக் கரையில்தான் பார்த்தார்.

அனுபவம் வராது என்று நான் சொல்லவில்லை. எனக்கே வந்திருக்கிறது, அதை எழுத மாட்டேன். ஆனால் முதலில் கோட்டில் நடந்து காட்டிவிட்டு அப்புறம் அழுங்கள். நடக்க முடியாவிட்டால் கீழே இறங்குங்கள். உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், அது நுரையீரலில் நீர். அதற்கும் இறங்குவதுதான் வழி. பக்கத்தில் இருப்பவர் "ஓம் நமசிவாய சொல்லுங்க, சரியாயிடும்" என்றால், சொல்லிக்கொண்டே இறங்குங்கள்.

டோல்மா கணவாயில் நீண்ட பூஜை

பத்து நிமிடம். கற்பூரம், கும்பிடு, கிளம்பு. கணவாய்க்குக் கீழே இருக்கும் கௌரி குண்டம் என்ற ஏரியை மேலிருந்து பார்த்தால் போதும்.

ராட்சஸ தாலைச் சபிப்பது

மானசரோவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரி. உப்புத் தண்ணீர், ராவணன் தவம் செய்த இடம் என்பார்கள். "அந்தப் பக்கம் பார்க்காதே" என்று குழந்தையை அதட்டுவதுபோல் ஒருவர் அதட்டினார். நான் பார்த்தேன். மானசரோவரைவிட அழகு என்றுகூடத் தோன்றியது. சிவபக்தன் தவம் செய்த இடத்தைப் பார்த்தால் என்ன பாவம் வந்துவிடும்?

மானசரோவரில் விடிய விடிய வெளியே நிற்பது

அதிகாலையில் தேவர்கள் ஒளியாக ஏரியில் இறங்கிக் குளிப்பார்கள் என்று நம்பிக்கை. ஜன்னல் வழியாகவும் தெரிவார்கள்.

குதிரையை நடுவழியில் கேட்பது

கிடைக்காது.

பத்து லிட்டர் கேன்

தீர்த்தம் ஒரு லிட்டர் போதும். போன முறை ஒரு மாமா மூன்று கேன் நிரப்பினார். ஹில்சாவில் ஹெலிகாப்டர் ஏறும்முன் எடை பார்த்தார்கள். இரண்டு கேனை அங்கேயே கர்ணாலி ஆற்றங்கரையில் ஊற்றிவிட்டு, மூன்றாவதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.