கினபாலு மலை ஏறுவது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு, புக்கிங் முதல் இறக்கம் வரை

இமயமலைக்குப் போக அத்தனை நாள் லீவு கிடைக்காது, பனிக்கோடாரியெல்லாம் பிடித்துப் பழக்கமில்லை, ஆனாலும் 4,000 மீட்டருக்கு மேல் ஒரு சிகரத்தில் நின்று பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இப்படி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது கினபாலுவைத்தான். மலேசியாவின் சபா மாநிலத்தில், போர்னியோ தீவில் இருக்கிறது. உயரம் 4,095 மீட்டர். வழக்கமான பயணம் இரண்டு பகல், ஒரு இரவு. பாறை ஏறும் வித்தை எதுவும் தெரிய வேண்டாம், நடக்கத் தெரிந்தால் போதும்.

ஆனால் "ரெண்டே நாள்தானே" என்று அலட்சியமாகப் போகிறவர்கள்தான் அதிகம் படுகிறார்கள். ஏறிவிட்டு வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சூரிய உதயத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு மீதி நேரம் முழுக்க இறங்கிய கதையைத்தான் சொல்வார்கள். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முட்டியை வாங்கும். அதனால் இந்த விளக்கம் முழுவதிலும் நான் இறக்கத்தை மனதில் வைத்துத்தான் பேசப் போகிறேன்.

1. முதலில் கட்டில், அப்புறம்தான் விமானம்

இந்த மலையில் நினைத்தபோது போய் ஏற முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கு மலைமேல் இருக்கும் படுக்கைகளைப் பொறுத்தது. சிகரத்துக்கு முந்தைய இரவு பனலாபான் என்ற இடத்தில் தங்க வேண்டும், அங்கே லாபான் ராத்தா விடுதியும் இன்னும் சில தங்குமிடங்களும் உண்டு. அங்கே கட்டில் கிடைத்தால்தான் பெர்மிட். அதனால் மலிவாக டிக்கெட் கிடைக்கிறதே என்று விமானத்தை முதலில் போட்டுவிடாதீர்கள். பல மாதம் முன்பே தேதியைப் பிடித்துவிட்டு மற்றதையெல்லாம் அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் பேக்கேஜாகத்தான் விற்கிறார்கள். மலேசியர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிடக் கணிசமாக அதிகமான விலை. பணம் கட்டும் முன் என்னென்ன அடக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: பெர்மிட், காப்பீடு, கைடு கட்டணம், மலை அமைந்திருக்கும் கினபாலு பூங்காவின் அலுவலகத்திலிருந்து ஏறும் வாசல் வரை வேன், சாப்பாடு. கைடு இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் புக் செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். "சிக்கன் இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும்.

மாதம்? பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை கொஞ்சம் குறைவு என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த மலைக்குக் காலண்டர் தெரியாது, எந்த மாதமும் மத்தியானத்துக்கு மேல் கொட்டலாம்.

2. படி இறங்கிப் பழகுங்கள்

குறைந்தது எட்டு வாரமாவது உடம்பைத் தயார் செய்யுங்கள். வாக்கிங், ஜாகிங் எல்லாம் நல்லதுதான், ஆனால் சமதரையில் நடந்து பழகிய கால் இந்த மலையில் பாதிதான் உதவும். பாதை பெரும்பாலும் படிதான், அதுவும் ஒரே அளவில் கட்டிய படி இல்லை. மரக்கட்டை வைத்துக் கட்டிய படி, பாறைப் படி, வேர்ப் படி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம்.

அபார்ட்மெண்டில் இருக்கிறவர்கள் லிஃப்டில் மேலே போய்ப் படியில் இறங்குங்கள். நான் மாற்றிச் சொல்லவில்லை. ஏறுவதை எப்படியும் எல்லாரும் பயிற்சி செய்துவிடுகிறார்கள், இறங்குவதை யாரும் செய்வதில்லை. படி இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, பழக்கமில்லாத தசைக்கு அந்த வேலையால் நுண்ணிய காயங்கள் ஏற்படும், வலி ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். முன்பே சில வாரம் அந்த வேலையைக் கொடுத்து வைத்தால் அதே தசை அடுத்த முறை நன்றாகத் தாங்கும். கோலாலம்பூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு பத்துமலையின் 272 படி இருக்கவே இருக்கிறது, அதிகாலையில் போய் நாலைந்து முறை ஏறி இறங்கலாம். தமிழ்நாட்டில் இருக்கிறவர்கள் சீசனில் வெள்ளியங்கிரி போய்வந்தால் அது நல்ல ஒத்திகை. திருப்பதிக்கு அலிபிரி வழியாக நடந்து ஏறுகிறவர்கள் திரும்பும்போது பஸ் பிடிக்காமல் நடந்தே இறங்கிப் பாருங்கள், 3,500-க்கு மேல் படி, உங்கள் முட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

3. பை

கனம்தான் எதிரி. இரவு தங்குமிடத்தில் போர்வை, சாப்பாடு எல்லாம் இருக்கிறது, அதனால் ஆறேழு கிலோவுக்கு மேல் எடுத்துப் போக ஒன்றுமில்லை. முக்கியமானவை மட்டும் சொல்கிறேன். நெற்றியில் மாட்டும் டார்ச், புது பேட்டரியோடு (கையில் பிடிக்கும் டார்ச் வேண்டாம், கயிறு பிடிக்க இரண்டு கையும் வேண்டும்). நன்றாக மழை தாங்கும் மேல்சட்டை. குளிருக்கு ஃபிளீஸ், காதை மூடும் தொப்பி, பிடிப்பு உள்ள கையுறை. உள்ளே போட சீக்கிரம் காயும் சட்டை, ஏனென்றால் பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் பிறகு காயவே காயாது, மேலே போனதும் அதுவே குளிரெடுக்க வைக்கும். மாற்று உடை முழுவதையும் பிளாஸ்டிக் உறையில் கட்டிவிட்டுப் பையில் வையுங்கள். கடலை மிட்டாய், பேரீச்சை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ட்ரெக்கிங் கம்பு இரண்டு, ஏறும்போது இல்லாவிட்டாலும் இறங்கும்போது அது மூன்றாவது, நாலாவது கால்.

ஷூ புதிதாக இருக்கக் கூடாது. கால்விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவே ஒரு விரல் அளவாவது இடம் வேண்டும், கால்நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போங்கள். இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கிச் சறுக்கி நகம் கறுத்துப்போவது இங்கே சர்வசாதாரணம். ஒரு வேடிக்கை: நீங்கள் பெரிய விலை கொடுத்து வாங்கிய ஷூவோடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, சுமை தூக்கும் உள்ளூர்க்காரர்கள் "அடிடாஸ் கம்போங்" என்று செல்லப்பெயர் வைத்த மலிவான கறுப்பு ரப்பர் ஷூவில் உங்களைத் தாண்டிப் போவார்கள். அடிடாஸ் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஈரப் பாறையில் அந்த ரப்பருக்கு அப்படி ஒரு பிடிப்பு.

4. முந்தின நாள்

சபாவின் தலைநகரான கோத்தா கினபாலுவில் இறங்குகிறீர்கள். கோலாலம்பூரிலிருந்து உள்நாட்டு விமானத்தில் வந்தாலும் சபாவில் தனியாகக் குடிநுழைவுச் சோதனை உண்டு, பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அங்கிருந்து பூங்கா ஏறக்குறைய 90 கிலோமீட்டர், சாலையில் இரண்டு மணி நேரம்.

நகரத்தில் தங்கி விடியற்காலையில் கிளம்பலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. பூங்கா வாசல் 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது, முந்தின இரவு அங்கேயோ பக்கத்திலோ தூங்கினால் உடம்பு ஒரு ராத்திரியாவது உயரத்துக்குப் பழகும். கடல்மட்டத்தில் தூங்கி எழுந்து, அன்று மாலையே 3,272 மீட்டரில் படுத்து, மறுநாள் விடிவதற்குள் 4,095 மீட்டர் ஏறுவது உடம்புக்கு ரொம்பவே அவசரம்.

5. முதல் நாள் ஏற்றம்

காலையில் பூங்கா அலுவலகத்தில் பதிவு. பெயர் போட்ட அட்டை ஒன்று தருவார்கள், அது கழுத்திலேயே இருக்கட்டும், சோதனைச் சாவடிகளில் பார்ப்பார்கள். கைடு அங்கேதான் உங்களோடு சேர்வார், பெரும்பாலும் டூசுன் இனத்தவர். பை கனமாகத் தோன்றினால் இங்கேயே போர்ட்டர் ஏற்பாடு செய்துகொள்ளலாம், கிலோ கணக்கில் காசு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேனில் திம்போஹோன் வாசலுக்கு வந்து இறங்குவீர்கள், உயரம் 1,866 மீட்டர். அங்கிருந்து தங்குமிடம் 6 கிலோமீட்டர். வாசலைத் தாண்டியதும் பாதை முதலில் கொஞ்சம் கீழே இறங்கும், கார்சன் அருவி வரும், அடடா சுலபமாக இருக்கிறதே என்று தோன்றும். இந்த இறக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் சொல்கிறேன்.

அதன் பிறகு ஏற்றம், ஏற்றம், ஏற்றம்தான். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் போங்கள், பேச்சு திக்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பத்து நிமிடம் ஓட்டமாக ஏறி ஐந்து நிமிடம் உட்காருவதை விட நிற்காமல் ஆமை வேகத்தில் போகிறவர்தான் முதலில் போய்ச் சேருகிறார். வழியில் பொண்டோக் என்று சொல்லும் நிழற்குடில்கள் வரும், கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும் (தண்ணீர் சுத்திகரிக்காதது). அணில்கள் பை திறக்கும் சத்தம் கேட்டே வந்துவிடும், கொடுக்காதீர்கள். கண்ணை மட்டும் ஓரத்தில் வைத்துக்கொண்டே நடந்தால் பூச்சி தின்னும் குடுவைச் செடிகள் தெரியும், இந்த மலைப் பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் வளராத வகைகளும் அதில் உண்டு. 2000-இல் யுனெஸ்கோ இந்தப் பூங்காவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு இந்தத் தாவர வளம்தான் முக்கியக் காரணம்.

லாயாங்-லாயாங் குடிலோடு உயரம் 2,700 மீட்டரைத் தொடும். அதற்குமேல் இருக்கும் இரண்டு கிலோமீட்டர்தான் முதல் நாளின் கஷ்டமான பகுதி. மரம் குட்டையாகும், காற்று மெலிகிறது என்று உடம்பே சொல்லும், பெரும்பாலும் அந்த நேரம் பார்த்து மழையும் வரும். புதியவர்களுக்கு மொத்தம் ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகலாம்.

6. தூக்கம் வராத ராத்திரி

சாயங்காலம் சீக்கிரமே சாப்பாடு போட்டுவிடுவார்கள். பசியில்லை என்றாலும் சாப்பிடுங்கள், பசி குறைவதே உயரத்தின் வேலைதான். ஏழு மணிக்கெல்லாம் படுக்க வேண்டும். தூக்கம் வராது. அடுக்குக் கட்டிலில் மேலே ஒருவர் புரள, கீழே ஒருவர் குறட்டை விட, யாரோ ஒருவர் பிளாஸ்டிக் பையைக் கசக்கிக்கொண்டே இருக்க, இப்படியே போகும். தூங்காவிட்டாலும் படுத்திருந்தால் போதும், பயப்படாதீர்கள்.

பயப்பட வேண்டியது வேறு. லேசான தலைவலி பலருக்கும் வரும். ஆனால் தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறல் என்று கூடிக்கொண்டே போனால் மேலே போகக் கூடாது, கீழே இறங்குவதுதான் மருந்து. அசெட்டாசோலமைடு என்ற மாத்திரையை (டயமாக்ஸ் என்பார்கள்) சிலர் முந்தின நாளிலிருந்தே போட்டுக்கொள்கிறார்கள், ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் அந்த ராத்திரிக்கு ஆகவே ஆகாது.

7. இரண்டரை மணி இருட்டு

இரண்டு மணிக்கு எழுப்பிச் சிற்றுண்டி, இரண்டரை வாக்கில் கிளம்புவார்கள். இனி 2.7 கிலோமீட்டர்தான், ஆனால் நேற்றைய கிலோமீட்டர் வேறு, இது வேறு. முதலில் மரப் படிகள், பிறகு மொட்டைக் கிரானைட் பாறை, அதில் தடித்த வெள்ளைக் கயிறு. சரிவான சில இடங்களில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பாறையிலிருந்து சற்று விலக்கி, முழுப் பாதத்தையும் பதித்து நடக்க வேண்டும். பயந்து பாறையோடு ஒட்டிக்கொண்டால்தான் கால் வழுக்கும். இருட்டில் பள்ளம் தெரியாது, உயரம் என்றால் பயப்படுகிறவர்களுக்கு அது ஒரு வசதி.

3,668 மீட்டரில் சயாட்-சயாட் சாவடி. குறிப்பிட்ட நேரத்துக்குள் அதைத் தாண்டாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வாதாடிப் பயனில்லை. பலத்த மழை பெய்தால் பாறைமேல் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிடும், அப்போது யாரையும் விடமாட்டார்கள். கைடு வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சாவடிக்குப் பிறகு அகன்ற பாறைவெளி. கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் இங்கே. பத்து அடி எடுத்து வைத்து நின்று மூச்சு வாங்குவது எல்லாருக்கும் நடப்பதுதான். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டிப் போகும், காற்றும் சேர்ந்துகொண்டால் நின்ற இடத்தில் நடுங்கும். அதனால் ஐந்தரைக்கு முன்பே உச்சிக்கு ஓடிப் போய் உட்காருவதில் லாபமில்லை, உதயம் ஆறு மணி வாக்கில்தான்.

உச்சியின் பெயர் லோ சிகரம், 1851-இல் இந்த மலையில் ஏறிய பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோவின் பெயர். அவர் இந்த உச்சியைத் தொடவில்லை என்பது வேறு கதை. இடம் ரொம்பச் சின்னது, பெயர்ப்பலகை பக்கத்தில் போட்டோவுக்கு வரிசை நிற்கும், எடுத்ததும் நகர்ந்துவிடுங்கள்.

மரியாதையும் முக்கியம். சபாவின் பூர்வகுடிகளான கடசான்-டூசுன் மக்களுக்கு இது முன்னோர்களின் ஆவி தங்கும் மலை. 2015 மே கடைசியில் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் உச்சிக்கருகே ஆடையைக் கழற்றிப் படம் எடுத்தார்கள், ஜூன் 5-ஆம் தேதி 6.0 அளவில் நிலநடுக்கம் வந்து மலையில் 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிக் குழந்தைகளும் உள்ளூர் கைடுகளும் அதில் அடக்கம். இரண்டையும் முடிச்சுப் போடுவதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை, ஆனால் உங்கள் கைடு அன்று சக கைடுகளை இழந்தவராக இருக்கலாம், அவர் முன்னால் அதைக் கிண்டலாகப் பேசாதீர்கள்.

8. இறக்கம்

ஒரே நாளில் 8.7 கிலோமீட்டரும் இறங்க வேண்டும், தூக்கம் இல்லாமல். நடுவில் தங்குமிடத்தில் காலைச் சாப்பாடு, சாமான் எடுப்பு, அறையைக் காலி செய்வது. அங்கே அரை மணிக்கு மேல் கால் நீட்டி உட்கார்ந்தால் முட்டி இறுகிவிடும்.

கம்பை நீளமாக்கி, முதலில் கம்பை ஊன்றி, பிறகு முட்டியை லேசாக மடக்கிக் கால் வையுங்கள். படியிலிருந்து தொப்பென்று குதிக்காதீர்கள். உயரமான படியில் பக்கவாட்டில் திரும்பி இறங்கினால் பாரம் குறையும். ஷூ லேஸை இறங்கும் முன் கணுக்காலோடு இறுக்கிக் கட்டுங்கள். வலி இருக்கிற முட்டிக்கு உறை முதலிலேயே போடுங்கள், வீங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. ஏறுகிறவர்களுக்கு வழி விடுங்கள், அது உங்களுக்கும் ஓய்வு.

கடைசியில் அந்தக் கார்சன் அருவி வரும். நேற்று சுலபமாக இறங்கினீர்களே, அது இப்போது ஏற்றம். வாசல் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போது வரும் அந்தச் சில படிகளைத்தான் மலையிலேயே மோசமான படிகள் என்று பலரும் திட்டுகிறார்கள். அதற்கென்று ஒரு கடலை மிட்டாயை மிச்சம் வையுங்கள்.

அன்றே இரவு விமானம் வேண்டாம். ரானாவ் பக்கம் போரிங் வெந்நீர் ஊற்று, பூங்காவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர், முடிந்தால் மறுநாள் போய்க் காலை ஊறவைத்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள். தங்கும் அறை எடுக்கும்போது தரைத்தளமாகக் கேட்டு வாங்குங்கள்.