பூர்வகுடிகளுக்குச் சிறை கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலிய மக்கள்தொகையில் பூர்வகுடிகள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. சிறைகளில் மட்டும் மூன்றில் ஒருவர் அவர்கள். அதனால் 'பண்பாட்டுக்கு ஏற்ற சிறை' என்ற பேச்சு அங்கே அடிக்கடி எழும். உடனே சுவரில் புள்ளி ஓவியம் வரைந்துவிடுவார்கள். அந்த ஓவியம் நடுப்பாலைவன மக்களுடையது; கடலோரக்காரருக்கு அது பக்கத்து வீட்டுக் கோலம். அப்புறம் சுவருக்குள்ளே இருப்பதோ அதே பழைய அறை.

தனி அறை கொடுத்தால் மரியாதை என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. உறவுகள் சூழ வாழ்ந்தவருக்குத் தனிமை ஆபத்தாகவே முடியலாம். காவலில் நேர்ந்த 99 பூர்வகுடி மரணங்களை விசாரித்து 1991இல் அறிக்கை தந்த ராயல் கமிஷன் (அரசு அமைத்த உயர்நிலை விசாரணைக் குழு), தக்க காரணமின்றிக் காவல் நிலைய அறையில் பூர்வகுடிகளைத் தனியே அடைக்காதீர்கள் என்றது. கைதியை முடிந்தவரை குடும்பத்துக்கு அருகிலேயே வைக்கவும் சொன்னது.

சரி, எல்லோரையும் ஒன்றாகப் போட்டுவிடலாமா? அதுவும் வம்பு. குடும்பங்களுக்குள் பகை இருக்கும், மொழி வேறாக இருக்கும். பல சமூகங்களில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. பார்வையாளர் கூடத்துக்கு ஒரே வாசல், உள்ளே ஒரே மேசை என்று வைத்தால், மகளோடு வந்த மாமியார் எங்கே போய் நிற்பார்? வரைபடம் போடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பி ஊரில் 2012இல் திறந்த மேற்கு கிம்பர்லி சிறை ஓரளவு சரியாக யோசித்தது. அங்கே நீண்ட அறை வரிசைக்குப் பதிலாகச் சிறு வீடுகள். உறவு, மொழி, பாதுகாப்புத் தரம் பார்த்து ஆட்களைச் சேர்க்கிறார்கள். சமையலும் வீட்டு வேலையும் கைதிகளே செய்துகொள்கிறார்கள்.

வெயிலை மறப்பது இன்னொரு தவறு. அதே மேற்கு ஆஸ்திரேலியாவின் ரோபர்ன் ஊரில் 2022 ஜனவரியில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. அங்குள்ள சிறையில் அப்போது பெரும்பாலான அறைகளுக்கு ஏசி கிடையாது. இதில் பண்பாடு பற்றிப் பேச என்ன இருக்கிறது!

கட்டி முடித்தபின் நடக்கும் தவறும் உண்டு. கூட்டம் ஏறியதும் வீடுகளில் இரட்டைக் கட்டில் போட்டு, காலியான இடத்தில் யாரையாவது தள்ளுவார்கள். யாரோடு யார் என்ற கணக்கு அன்றே குலைந்துவிடும். அந்த ஒதுக்கீட்டில் சமூகப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை இருக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு மட்டும் அவர்களைக் கூப்பிட்டால் போதாது.