சடை நாய்க்குக் குளியலா? முதலில் சீப்பு, பிறகு தண்ணீர்

ஷிட்சூ, லாசா ஆப்சோ மாதிரி முடி நீண்ட குட்டி நாய்களை நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். சிக்கோடு நனைந்தால் முடி இறுகித் திரண்டுவிடும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டை உரசும் இடம், இங்கெல்லாம் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். சிக்கு தட்டுப்பட்டால் முடியின் அடியைப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். தோல் இழுபடாது, பாவம், அதுவும் பொறுமையாக நிற்கும்.

வெதுவெதுப்பான தண்ணீர், நாய்க்கான ஷாம்பு போதும். நம் ஷாம்பு அதன் தோலை வறட்டி அரிப்பு உண்டாக்கும். முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் காதில் தண்ணீர் போகாது.

கடலூர் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போய் வந்த நாளில் பாதத்தைத் தனியாகக் கவனியுங்கள். எங்கள் குட்டி ஒருநாள் பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தது. விரித்துப் பார்த்தால் விரலிடுக்கு முழுக்க ஈர மணல், அடியில் தோல் சிவந்திருந்தது.

உலர்த்துவதில்தான் அவசரமே கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் மேல்முடி காய்ந்த மாதிரி தெரியும், அடிமுடி ஈரமாகவே இருக்கும். வாடையும் தோல் நோயும் வருவது அதனால்தான். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, உங்கள் கையிலும் அந்தக் காற்று படும்படி பிடித்தால் சூடு தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் முற்பகலிலேயே குளிப்பாட்டிவிடுங்கள். குளியல் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை போதும், சீவுவது மட்டும் தினமும்.