மனநோய்க்கு டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால்: அப்பீல் போடும் முறை

என் அண்ணன் ராணுவத்தில் பதினோரு வருடம் இருந்தவர். மனச்சோர்வு நோய் என்று 2010-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெடிக்கல் போர்டு 40 சதவீதம் ஊனம் என்று எழுதிவிட்டு, கீழேயே இன்னொரு வரியும் எழுதியது: நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் முற்றியதும் இல்லை. ராணுவப் பேச்சில் இதை 'நானா' (NANA, அந்த வரியின் ஆங்கிலச் சுருக்கம்) என்பார்கள். அந்த வரியால் இன்வாலிட் பென்ஷன் (உடல்நிலையால் வெளியே அனுப்பப்பட்டவருக்கான பென்ஷன்) மட்டும் வந்தது, டிசபிலிட்டி எலிமென்ட் (ஊனத்துக்காகக் கூடுதலாகத் தரும் பகுதி) வரவில்லை. அதை மாற்ற எங்களுக்கு ஏழு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் காகிதம்

அப்பீல் எழுத உட்காருவதற்கு முன் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு (படைப்பிரிவின் ஆவண அலுவலகம்) தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். சாதாரணக் கடிதம் எழுதிக் கேட்டால் பதிலுக்குக் கெடு கிடையாது, இந்தச் சட்டத்தில் கேட்டால் 30 நாள் கெடு உண்டு. அதனால் நான் எப்போதும் மனுவைத்தான் சொல்வேன்.

"மெடிக்கல் ரிப்போர்ட் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எங்களுக்கு ஒரே ஒரு பக்கம் வந்தது. இப்படிப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மெடிக்கல் போர்டு நடவடிக்கை முழுவதும் (ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16), மனநல ஸ்பெஷலிஸ்டின் கருத்து, அவரிடம் அனுப்பும்போது கமாண்டிங் ஆபீசர் எழுதிய ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-10, லீவுப் பதிவு, போஸ்டிங் பட்டியல், படையில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனை.

நாங்கள் தடுக்கி விழுந்த இடம்

முதல் அப்பீலை நான்தான் எழுதினேன். அண்ணன் எப்படிப்பட்ட வீரர், இன்று தூங்காமல் திண்ணையில் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று நான்கு பக்கம். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் போர்டு சொன்ன காரணத்துக்கு அதில் பதில் இல்லை. நிராகரித்துவிட்டார்கள்.

போர்டு சொன்ன காரணம் இதுதான்: நோய் பீஸ் ஸ்டேஷனில் (மோதல் இல்லாத அமைதிப் பகுதி முகாம்) ஆரம்பித்தது, ஃபீல்டு பணியோடு (களப்பணி) தொடர்பில்லை.

ராணுவ மருத்துவர்களுக்கான வழிகாட்டி நூல் ஒன்று இருக்கிறது. அதன் 2008 திருத்தப் பதிப்பில் 54-ஆம் பத்தி மனநோய் பற்றியது. தீவிரவாத எதிர்ப்புப் பணி, உயர மலைப் பகுதி, ஒதுக்குப்புறமான போஸ்ட், பேரிடரில் பிணங்களுக்கு நடுவே வேலை போன்ற சூழலில் மனநோய் வந்தால் பணியால் வந்ததாக ஏற்கலாம் என்கிறது. இன்னொன்றும் சொல்கிறது: ஒரே மகனாக இருப்பவருக்கு, தாயோ தந்தையோ இறந்தபோது பணி நெருக்கடியால் லீவு மறுக்கப்பட்டு, மூன்று மாதத்துக்குள் நோய் வந்தால், பணியால் முற்றியதாக ஏற்க வேண்டும்.

அதைப் படித்த ராத்திரி ஒரு நீளத் தாளில் கோடு போட்டு, தேதி, இடம், நடந்தது, ஆதாரம் என்று நான்கு கட்டம் எழுதினேன். அப்பா இறந்தது 2009 ஆகஸ்ட் 11. அண்ணன் அப்போது காஷ்மீரின் குப்வாராவில். அவர் ஊர் வந்து சேர்ந்தது செப்டம்பர் 18, காரியமெல்லாம் முடிந்த பிறகு. அக்டோபரில் பீஸ் ஸ்டேஷன். நவம்பர் 2 ஆஸ்பத்திரியில் சேர்ப்பு. மொத்தம் 83 நாள்.

லீவு மறுத்ததற்கு எழுத்தில் எதுவும் இல்லை, வாய்மொழியாகத்தான் மறுத்திருந்தார்கள். அதற்கு இறப்புச் சான்றிதழையும் லீவுப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அப்பா செத்து 38 நாள் கழித்து ஒரே மகனுக்கு லீவு கிடைத்திருக்கிறது என்பதை அந்த இரண்டு காகிதமே சொல்லின. கமாண்டிங் ஆபீசர் எழுதிய படிவத்தில் இன்னொரு வரி கிடைத்தது: "ஆகஸ்ட் முதல் தூக்கமில்லை, யாரோடும் பேசுவதில்லை." ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதியைத்தான் போர்டு நோய் தொடங்கிய தேதியாக வைத்திருந்தது. நோயோ குப்வாராவிலேயே தொடங்கிவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் கோப்பிலும் முதலில் இந்த வித்தியாசத்தைத் தேடுங்கள்.

அப்பீலும் தீர்ப்பாயமும்

நிராகரிப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். அதுவும் தள்ளுபடியானால் இன்னொரு ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. இரண்டும் ரெக்கார்ட்ஸ் வழியாகவே போகும். ஸ்பீட் போஸ்ட் ரசீதைக் கோப்பிலேயே ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் காத்திருக்காமல் தீர்ப்பாயம் போகலாம்.

தீர்ப்பாயம் என்றால், ராணுவத்தினர் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்கு அதன் சென்னை அமர்வு. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் மனநோய் வழக்குக்கு ராணுவப் பென்ஷன் பார்க்கும் வக்கீலே நல்லது என்பது என் கருத்து. மனுவில் உச்ச நீதிமன்றத்தின் 2013 தரம்வீர் சிங் தீர்ப்பு கட்டாயம் இருக்கட்டும்: சேரும்போது நோய் பதிவாகவில்லை என்றால் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் சுமை அரசுடையது.

பிறகு சேர்த்தது

ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பொய் நம்பிக்கை தர மாட்டேன். 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில், சேரும்போது இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் டிசபிலிட்டி பென்ஷனை மறுத்திருக்கிறது. அரசுத் தரப்பு அதைத்தான் எடுத்து வைக்கும். 2025-ல் ராஜுமோன் வழக்கில், காரணம் எழுதாத போர்டு கருத்து செல்லாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. அதனால் உங்கள் போர்டு காரணம் எழுதியிருக்கிறதா, வெறும் 'இல்லை' மட்டுமா என்று பாருங்கள்.

"பதினைந்து வருடம் ஆகிவிட்டதே" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். போகலாம் அம்மா. ஆனால் 2008 தர்செம் சிங் தீர்ப்பின்படி நிலுவைத் தொகை, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். நாங்களும் 2016-ல்தான் தீர்ப்பாயம் போனதால் முந்தைய வருடங்களை இழந்தோம். இன்னொன்று, பென்ஷன் வாங்காதவர்களின் கோப்பை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். அதற்குள் நகல் வாங்கிவிடுங்கள்.

2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புதிய விதிகள். என் அனுபவத்தை அப்படியே பின்பற்றாமல் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெயித்த பிறகும் ஒரு வேலை உண்டு. 50-க்குக் குறைந்த ஊன சதவீதம் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்தப்படும். அண்ணனுக்கு வந்த முதல் திருத்திய பி.பி.ஓ.வில் (பென்ஷன் வழங்கும் ஆணை) 40 என்றே இருந்தது. தீர்ப்பு நகலோடு மறுபடி எழுதி 50 வாங்கினோம். ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உங்கள் சதவீத எண்ணை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.